அணையாத விளக்கும் ஹாலேசப்பாவின் வாயும்

சர்வமங்களா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் எச்சில். வேறு எந்தப் பெருமையான காரணமும் கிடையாது. பெண்கள் முன்னேற வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும் என்றெல்லாம் டிரைவிங் ஸ்கூல்காரர் பலகையில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் போய்ச் சேரவில்லை. காரில் புருஷனின் எச்சில் தெறிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், அது ஓட்டுகிறவர் உட்காரும் இடம் என்று கண்டுபிடித்தாள். அங்கே போய் உட்கார ஆசைப்பட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

கர்நாடகத்துச் சன்னகிரியில் வெற்றிலை பாக்குப் போடாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரைச் சுற்றிப் பாக்குத் தோட்டம், ஊருக்குள் பாக்கு மண்டி. மண்டி வைத்திருக்கிற அவள் புருஷன் ஹாலேசப்பா போடாமல் இருப்பாரா? காலையில் பல் விளக்கிய கையோடு ஆரம்பித்தால் படுக்கப் போகும் வரைக்கும் அந்த வாய் ஓயாது. வெற்றிலை, சுண்ணாம்பு, ராசி என்கிற சிவந்த ரகப் பாக்கு, கூட ஒரு கிள்ளு புகையிலை. மெல்லுவது அவர் பாடு. மென்றதை எங்கேயாவது விட்டாக வேண்டுமே, அது சர்வமங்களாவின் பாடாக இருந்தது.

அவள் ஹொன்னாளிப் பக்கத்துப் பெண். அப்பா டீக்கடை வைத்திருந்தவர், வாயில் ஏலக்காய்கூடப் போடாதவர். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் மாமியார் ஒரு பித்தளைப் படிக்கத்தைக் கையில் கொடுத்து, "சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கொண்டா" என்றாள். அது துப்புகிற பாத்திரம் என்று தெரியாமல் புதுப்பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டாள். அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தாள். படிக்கம் போகவில்லை.

படிக்கத்தோடு நின்றாலாவது பரவாயில்லை. குளியலறை மூலை, தென்னை மரத்தடி, ஜன்னல் கம்பி, மாடிப்படி வளைவு, எங்கே பார்த்தாலும் சிவப்பு. மண்டியின் மாடிப்படியில் யாரோ ஒரு நல்ல மனுஷர், இனிமேலாவது துப்பாமல் இருப்பார்கள் என்று சாமி படம் பதித்த ஓடுகளை ஒட்டி வைத்தார். நம் ஆட்கள் பக்திமான்கள். சாமிமேல் படாமல் ஒரு சாண் தள்ளித் துப்பினார்கள். சர்வமங்களா வீட்டைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அது சுலபத்தில் போகிற கறையும் இல்லை. பாக்கு வேகவைத்த அண்டாவில் மிஞ்சுகிற சாறைச் சுண்டக் காய்ச்சினால் சொகரு என்று ஒன்று வரும், பாக்குக்கு நிறமேற்றுவதற்கு. அது தரையில் சிந்திக் காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். வாயிலிருந்து வருவதும் அதே சாறுதானே, என்ன, கூடவே எச்சிலும் சேர்ந்திருக்கும்.

இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. வாய் நிறைய இருக்கும்போதும் ஹாலேசப்பா பேசுவார். சிந்தாமல் இருக்க முகவாயை ஆகாயத்துக்குத் தூக்கி, உதட்டைக் குவித்து, "ம்மூ… ஊவ்வு… மூங்" என்பார். வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "மூட்டையை நாளைக்கு இறக்கச் சொல்றாரு" என்று சர்வமங்களா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவர் தலையை ஆட்டுவார். தோட்டக்காரர்கள், கூலியாட்கள், பாங்குக்காரர் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது. அவர் முனகியதும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். அவள் சொன்னதுதான் அவர் சொன்னது.

கார் வந்த பிறகு எச்சிலுக்குச் சக்கரம் முளைத்தது. ஹாலேசப்பா கார் ஓட்டும்போது ஜன்னல் வழியாகத் துப்பமாட்டார், கதவின் பெயிண்ட் கறைபடுமாம். வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, தம் பக்கத்துக் கதவை ஒரு சாண் திறந்து, பாதி உடம்பை வெளியே சாய்த்து, புளிச். பிறகு கதவை அடித்துச் சாத்திவிட்டு வேகம் பிடிப்பார். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவன் பாடு அவனோடு போகட்டும்.

ஹாலேசப்பாவின் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஹரிஹருக்குப் போன அன்று சர்வமங்களா கடுகுப்பூ மஞ்சளில் புது இளகல் புடவை கட்டியிருந்தாள். அந்த வீட்டு வழக்கப்படி பெண்பிள்ளைகள் பின்னால்தான் உட்கார வேண்டும். அவள் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும் என்று ஜன்னல்கள் திறந்திருந்தன. கதவு திறந்தது, புளிச் என்று கேட்டது, காற்று அடித்தது. கன்னத்திலும் தோளிலும் ஈரமாக ஏதோ பட்டது. தூறல் என்று நினைத்துத் துடைத்தாள். கைக்குட்டை சிவந்திருந்தது.

"ஐயோ, என்னங்க இது! புதுப் புடவைங்க!"

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "கொஞ்சம் பட்டுடுச்சா? விடு, மஞ்சள்மேல சிவப்பு. கல்யாண வீட்டுக்கு லட்சணமாத்தான் இருக்கு."

முந்தானையை இழுத்து, கறை தெரியாமல் மடித்துச் செருகிக்கொண்டு அவள் கல்யாணத்தில் நின்றாள். எல்லாரும் ஹோளிகை என்கிற போளியை நெய்யில் தோய்த்துத் தின்றார்கள். அவளுக்குத் தன் கன்னத்தில் இன்னும் அது இருப்பது போலவே இருந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தாள். மறுவாரம் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள்.

ஹாலேசப்பா தடுக்கவில்லை. சந்தைக்குப் போகும் வேலை தமக்கு மிச்சம் என்று கணக்குப் போட்டார். "எம் பொண்டாட்டியும் வண்டி ஓட்டுறா" என்று மண்டியில் பீற்றிக்கொள்ளவும் ஆயிற்று. தாம் காரில் இருக்கும்போது மட்டும் அவள் ஓட்டக் கூடாது, அது கௌரவக் குறைச்சல். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஓட்டுகிற பக்கத்துக் கதவைச் சோடாப் பொடி போட்டுத் தேய்ப்பாள், கால் வைக்கும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரிப்பாள், கைப்பிடியைத் துணியால் பிடித்து, எதையும் ரொம்ப உற்றுப் பார்க்காமல் ஏறி உட்காருவாள். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுச் சந்தைக்கும் மடத்துக்கும் போய் வருவாள். காரில் தனியாக இருந்தபோதுதான் அவள் நன்றாக மூச்சு விட்டாள்.

மழை பிடித்த சமயத்தில் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது.

அந்தக் காரில் ஒரு வசதி உண்டு. விளக்குத் திருகை அணைக்க மறந்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாலும், ஓட்டுகிறவர் கதவைத் திறந்ததும் கார் தானாகவே வெளிவிளக்குகளை அணைத்துவிடும். மறதிக்காரர்களுக்காக யாரோ யோசித்துச் செய்தது. ஹாலேசப்பா அதைத் தமக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டார். "இறங்கிப் போய்க்கிட்டே இருங்க சாவுகார், மிச்சத்தை வண்டி பார்த்துக்கும்" என்று ஷோரூமில், முதலாளிக்குரிய அந்த மரியாதைப் பேரோடு, சொன்னார்களாம். அன்று முதல் விளக்கை அணைக்க அவர் அந்தத் திருகைத் தொட்டதில்லை. இத்தனை நாள் விளக்குகளும் அவருக்கு அடங்கித்தான் நடந்தன. இப்போது அவர் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து டிவி முன்னால் உட்கார்ந்த பிறகும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வாசலில் எரிந்துகொண்டே இருந்தன.

"என்னங்க, கார்ல பின்னாடி சிவப்பு லைட் எரியுது."

"தானா அணையும்."

"அப்பலேர்ந்து எரியுதுங்க. சாவியைக் குடுங்க, நான் போய் அணைச்சிட்டு வந்துடறேன்."

"மிஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு? போய் ரொட்டியைத் தட்டு."

காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. மண்டி ஆட்கள் வந்து தள்ளினார்கள், அவளும் சேர்ந்து தள்ளினாள். ஹாலேசப்பா உள்ளே உட்கார்ந்து கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, "தள்ளுங்கடா, தின்ன சோறு எங்கே போச்சு" என்று அதட்டினார், நடுவில் புளிச் என்றார். தள்ளியவர்கள் எல்லாரும் இடது பக்கமாக நெருக்கிக்கொண்டு தள்ளினார்கள். கார் நேராகப் போகாமல் வேலியைப் பார்த்துப் போனது.

அது ஒரு நாளோடு முடியவில்லை, வாடிக்கையாகிவிட்டது. இம்தியாஸ் என்கிற கார் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "சாவுகார், இறங்கும்போது திருகை ஒரு திருப்பு திருப்பிட்டு இறங்குங்க, போதும்" என்றான். ஹாலேசப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மூணு வருஷமா தானா அணைஞ்ச லைட்டு. நான் எதுக்குடா திருப்பணும்? இவ ஓட்டக் கத்துக்கிறேன்னு முறுக்கி முறுக்கிக் கெடுத்து வெச்சிருக்கா. அதைச் சரி பண்ணு."

"நான் ஒழுங்கா அணைச்சிட்டுத்தானே இறங்குறேன்?" என்றாள் சர்வமங்களா.

"அதான் தப்பு! தானா அணையிறதை எதுக்கு நீ அணைக்கிறே? வண்டிக்குப் பழக்கம் விட்டுப்போச்சு!"

இம்தியாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். திருகை மாற்றிப் பார்த்தான், ரிலேயை மாற்றிப் பார்த்தான். வேலை முழுவதையும் இடது பக்கத்துக் கதவு வழியாகத் தலையை நுழைத்தே செய்தான். "அந்தப் பக்கம் ஏன் போகமாட்டேங்கிறே?" என்று அவள் கேட்டதற்கு, "மத்தியானம் நான் சாப்பிடணும்க்கா" என்றான். ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு வாகன பூஜை செய்து நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பழம் நசுங்கியது, விளக்கு எரிந்தது. ஹாலேசப்பா சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இனி அவள் கை வண்டிமேல் படக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சாவி போனதோடு அவள் மறுபடி பின் சீட்டுக்காரி ஆனாள். சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தச் சிவப்பு இரண்டும் தெரியும். வாசலில் யாரோ இரண்டு வாய் துப்பிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். ஜன்னலைச் சாத்துவாள்.

அந்த நேரம் பார்த்து மகள் சைத்ரா தாவணகெரேயிலிருந்து போன் செய்தாள். பார்மசி முடித்திருந்தாள், வெள்ளிக்கிழமை காலேஜில் பட்டமளிப்பு.

"அம்மா, நீ மட்டும் வாயேன்."

"அது எப்படிடி? அப்பாவும் வரணும்னு சொல்றாரே."

சைத்ரா குரலைத் தணித்துக்கொண்டாள். "அட்மிஷனுக்கு வந்தப்ப ஆபீஸ் சுவர்ல துப்பினாரும்மா. நாலு வருஷமா அதைத் தாண்டித்தான் நான் லேபுக்குப் போனேன். என் பிரெண்ட்ஸுக்கு அது எங்க அப்பாதுன்னு தெரியாது. தெரிய வேண்டாம்."

தன்னோடு போகட்டும் என்று சர்வமங்களா இத்தனை காலம் துடைத்துக்கொண்டிருந்தது மகள்வரைக்கும் போயிருக்கிறது. "நானே ஓட்டிக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். சாவி கையில் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

புருஷனிடம் கேட்டாள். பஸ்ஸிலாவது தனியாகப் போய்வருகிறேன் என்றாள்.

"வாசல்ல காரை வெச்சுக்கிட்டு ஹாலேசப்பா பொண்டாட்டி பஸ்ல தொங்கிட்டுப் போறதா? ஊரே சிரிக்குமே!" என்றார் அவர். "நான் ஓட்டுறேன். நீ பின்னாடி உட்காரு. ஜன்னலை வேணா ஏத்திக்கோ." அது அவர் காட்டிய பெருந்தன்மை.

வியாழக்கிழமை மத்தியானம் மண்டியிலிருந்து வந்தவர், நாளைக்குப் பயணம், வண்டியைக் கழுவி வை என்று கதவைப் பூட்டாமல் விட்டார். சாவி பையில் பத்திரமாக இருந்தது. விளக்கு, பட்டப்பகலில், வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. வழியில் நின்றுபோகக் கூடாதே என்று இம்தியாஸையும் வரச் சொல்லியிருந்தார். ஓங்காரப்பா என்கிற தோட்டக்காரர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு பாக்கு சாம்பிள் காட்ட வந்திருந்தார். ஹாலேசப்பாவும் அவர்கள் இருவரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டார்கள்.

சர்வமங்களா வாளியோடு வந்தபோது இம்தியாஸ் இடது பக்கத்துக் கதவைத் திறந்தான். காருக்குள் கூரையில் ஒரு சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இம்தியாஸ், மேல லைட்டு எரியுதே?"

"கதவைத் திறந்தா எரியும்தானேக்கா."

"நான் அந்தப் பக்கம் திறந்தா எரியிறதே இல்லையே. முன்னெல்லாம் எரியும். பல்பு போச்சுன்னு அவரு சொன்னாரு."

இம்தியாஸ் கையிலிருந்த டெஸ்டரை சீட்டில் வைத்தான். கதவைச் சாத்தினான், கூரை விளக்கு அணைந்தது. "அந்தப் பக்கம் திறங்க பார்ப்போம்." அவள் சுற்றிப் போய் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தாள். கூரை விளக்கு எரியவில்லை.

"அக்கா, கதவு வந்து மோதுற தூண் இருக்குல்ல, சீட்டுக்குப் பின்னாடி? அதுல ரப்பர் தொப்பி போட்ட குட்டி பொத்தான் ஒண்ணு இருக்கும். இதோ, இந்தப் பக்கத்துல இருக்கிற மாதிரி. கதவு மூடினா உள்ளே போகும், திறந்தா வெளியே வரும். அதை வெச்சுத்தான் வண்டிக்குக் கதவு திறந்ததே தெரியும். அது எப்படியிருக்குன்னு பாருங்க."

"நீயே வந்து பாரேன்."

"நான் வரலைக்கா. இங்கேயிருந்தே சொல்றேன்."

அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை நாள் அந்தக் கதவு வழியாக ஏறி இறங்கியிருக்கிறாள், தோளுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தூணைப் பார்த்ததில்லை. காற்றுக்குத் திரும்பி வந்து அடித்ததெல்லாம் அங்கேதான் சேர்ந்திருந்தது. மூன்று வருஷத்து எச்சில். அடியில் கருப்பு, அதன்மேல் செம்மண் நிறம், மேலே இன்றைய ஈரம். மென்று சக்கையான பாக்குத் துணுக்குகளும் வெற்றிலை நரம்புகளும் அதில் புதைந்திருந்தன. ஒரு ஈ ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. அதன் நடுவே ரப்பர் பொத்தான், அமுங்கியது அமுங்கியபடியே, சொகருவில் விழுந்த மாதிரி இறுகிக் கிடந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது. சீ! மனுஷ ஜென்மமா இது! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றாள்.

"அதான் பார்த்தேன்! கதவு திறந்ததே வண்டிக்குத் தெரியலை. சாவுகார் இன்னும் உள்ளதான் உட்கார்ந்திருக்காருன்னு நினைச்சுக்கிட்டு அது லைட்டை எரிய விடுது."

கை தன்னால் வாளிக்குப் போயிற்று. வெந்நீர், சோடாப் பொடி, பழைய பிரஷ், எல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அரைமணி தேய்த்தால் போய்விடும். பிரஷைத் தண்ணீரில் தோய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான் இதைத் துடைத்துவிட்டால் விளக்கு அணையும். 'பார்த்தியா, உன் கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கினேன், வண்டி தானா சரியாயிடுச்சு' என்று அவர் சொல்வார். நாளைக்கு நான் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். பிரஷை வாளிக்குள்ளேயே போட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

ஹாலேசப்பா அப்போதுதான் புதிதாக ஒரு வாய் போட்டு நன்றாக மென்று முடித்திருந்தார். முகவாயைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார். வேடிக்கை பார்க்க ஓங்காரப்பாவும் கூட வந்தவரும் பின்னால் வந்தார்கள்.

"லைட்டு ஏன் அணையலைன்னு கேட்டீங்களே, இதோ பாருங்க" என்று அவள் தூணைக் காட்டினாள். "நான் திருகை முறுக்கினதால இல்லை. நீங்க துப்பினது."

ஓங்காரப்பா எட்டிப் பார்த்தார். "அட சிவனே!" என்று தோள் துண்டை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவரும் போடுகிறவர்தான்; ஆனால் அடுத்தவன் எச்சில் என்றால் எல்லாருக்கும் அருவருப்பு வந்துவிடும். "சாவுகார், இது உங்க மண்டி ராசிதானா? என்ன பிடிப்பு, என்ன பிடிப்பு!" என்றார். கூட வந்தவர் சிரித்துவிட்டார்.

இம்தியாஸ் காரின் கூரைக்கு மேலாக ஒரு திருப்புளியை நீட்டினான். சர்வமங்களா வாங்கி, பொத்தானைச் சுற்றி நெம்பினாள். ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. டக் என்று பொத்தான் வெளியே குதித்தது. கூரை விளக்கு எரிந்தது. முன்னும் பின்னும் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் நாலும், யாரும் தொடாமல், தானாக அணைந்தன.

ஹாலேசப்பாவின் முகம் கருத்தது. முகவாய் இன்னும் மேலே போயிற்று.

"ம்மூ! மூஊவ்வு… ஊவ்வு மூ!"

"சாவுகார் என்னக்கா சொல்றாரு?" என்றான் இம்தியாஸ். எல்லாத் தலையும் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பின.

அவர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. எலி, இதெல்லாம் எலி போட்ட அசிங்கம் என்றார். சர்வமங்களா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"தப்பு தன்மேலதான்கிறாரு. சாவியை மங்களாகிட்டயே குடுத்துடறேன்னு சொல்றாரு."

ஹாலேசப்பாவின் கண்கள் பிதுங்கின. தலையைப் பலமாக ஆட்டினார். "ஊஊம்! ம்மூஊ!"

"நாளைக்குத் தாவணகெரேக்கு அவளே ஓட்டிக்கிட்டுப் போகட்டும்னும் சொல்றாரு."

"நல்ல மனசு" என்றார் ஓங்காரப்பா, துண்டுக்குள்ளிருந்து.

இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வாய் காலியாக வேண்டும். ஹாலேசப்பா தென்னை மரத்தைப் பார்த்தார். அவர் கண் போன வழியே, கூட வந்தவரும் அதனடியில் ஏற்கனவே இருந்த சிவப்பைப் பார்த்தார். ஹாலேசப்பா சுவரைப் பார்த்தார், எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். காரைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"துப்பணும்னா துப்பிட்டுப் பேசுங்க" என்றாள் சர்வமங்களா. "எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

அவர் விழுங்கினார். புகையிலை, சுண்ணாம்பு, சாறு, சக்கை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது, நெற்றியில் வியர்த்துக் கொட்டியது, பெரிதாக ஒரு விக்கல் வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வெளியே வந்ததைத்தான் சர்வமங்களா பார்த்திருக்கிறாள், உள்ளே போனதை அன்றுதான் பார்த்தாள். பாவம் என்று தோன்றவில்லை. ஜெயித்த சந்தோஷமும் இல்லை. குமட்டியது, அவ்வளவுதான். கிட்டே போய் அவர் சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். விக்கிக்கொண்டே அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வாளியையும் பிரஷையும் சோடாப் பொடியையும் அந்தக் கதவுப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, "மிச்சத்தை நீங்க தேய்ச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலையில் வந்து பார்த்தால் பிரஷ் காய்ந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் தொடவில்லை. தொடுவார் என்று அவள் நினைக்கவும் இல்லை. பொத்தான் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செய்தித்தாளை விரித்து ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கடுகுப்பூ மஞ்சள் இளகல் புடவையைத்தான் கட்டியிருந்தாள். தோளில் அந்தப் பழைய கறை, எத்தனை தோய்த்தும் போகாமல், மங்கலாக இருந்தது. இன்று அதை மடித்து மறைக்கவில்லை.

இன்ஜினைப் போட்டபோது ஹாலேசப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வெளியே வந்தார். நெற்றியில் விபூதி. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து வந்து பின் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். அவள் கதவுகளைப் பூட்டியிருந்தாள்.

"வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

அவர் முகவாயைத் தூக்கினார். "ம்மூ… ஊவ்வூ மூங், மூஊ."

போகிற வழியில் துப்பிக்கொள்கிறேன், வண்டியை எடு என்றார்.

"புரியலை" என்றாள் சர்வமங்களா.

அவர் திகைத்துப் போனார். கண்ணாடியைத் தட்டி, இன்னும் உரக்க, ஒவ்வொரு முனகலாக நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியலைங்க."

கொஞ்ச நேரம் பார்த்தாள். குழாய் பத்தடியில்தான் இருந்தது. அவர் அசையவில்லை. அவள் வண்டியை எடுத்தாள். தெருமுனையில் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். வெள்ளை வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். சர்வமங்களா நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு அடுத்த கியரைப் போட்டாள்.